வெளுத்தது யாருடைய சாயம்?

மைசூரின் கிருஷ்ணராஜ சாகர் சாலையில் ஓர் இளவரசியின் பெயரைத் தாங்கிய காசநோய் மருத்துவமனை இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோய்க்கு இரையானதன் நினைவாக 1920களின் தொடக்கத்தில் எழுந்த நிறுவனம் அது. அரண்மனையின் செல்வத்தால் அந்த இளவரசியைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று இந்நோய்க்கு மருந்தே கிடையாது. நோயைக் கண்டறியும் வழியோ அப்போதே இருந்தது. ஒரு துளி சளி, ஒரு கண்ணாடி ஸ்லைடு, ஒரு சிவப்புச் சாயம், ஒரு நுண்ணோக்கி. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சோதனை வந்துவிட்டது.

அதன் காலம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு இன்று கருத்தரங்க மேடைகளிலும் நுண்ணுயிரியல் வகுப்பறைகளிலும் சர்வசாதாரணமாக ஒலிக்கிறது. மூலக்கூறுச் சோதனைக் கருவிகள் வந்த பிறகு சாயம் பூசிப் பார்ப்பது மாட்டுவண்டிக் காலத்து வேலை என்பது அத்தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையின் நிழலில் ஒரு பெரிய தப்பித்தல் நடக்கிறது. சாயச் சோதனை தோற்ற பல இடங்களில் உண்மையில் தோற்றவை வேறு: சளியை வாங்கியவரின் அக்கறை, ஸ்லைடைப் பார்த்தவருக்கு மறுக்கப்பட்ட நேரம், முடிவைச் சரிபார்த்திருக்க வேண்டிய நிர்வாகத்தின் பொறுப்பு. இவற்றைத் திருத்தாமல் கருவியை மட்டும் மாற்றுகிறவர்கள் பழைய தோல்வியையே அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

முதலில் அந்தச் சாயம் செய்யும் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1882 மார்ச் 24 அன்று பெர்லின் உடலியங்கியல் கழகக் கூட்டத்தில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டினார். கண்ணுக்குப் புலப்படாமல் இருந்த அதைப் புலப்படச் செய்தது சாயமே. அதே ஆண்டில் பால் எர்லிக் ஒன்றைக் கண்டுகொண்டார்: இந்தக் கிருமி ஒருமுறை சாயத்தை ஏற்றுக்கொண்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. ஃபிரான்ஸ் சீல், ஃபிரெட்ரிக் நீல்சன் இருவரும் செய்த திருத்தங்களோடு அம்முறை இன்றைய வடிவத்தை அடைந்தது. கார்பால் ஃபியூக்சினை ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்கி, கந்தக அமிலத்தால் நிறம் நீக்கி, மெத்திலீன் நீலத்தால் பின்னணியை நிரப்பினால், நீலப் பரப்பில் சிவப்பு இழைத் துணுக்குகளாகக் கிருமிகள் தெரியும். கிருமியின் சுவரிலுள்ள மைக்காலிக் அமிலம் மெழுகுபோல் சாயத்தைப் பூட்டி வைத்துக்கொள்வதே இதன் சூட்சுமம். எர்லிக்கே 1887இல் தம் சளியில் அக்கிருமியைக் கண்டு, உடல் தேற எகிப்துக்குச் சென்றார்.

மைசூர்வாசிகளுக்கு அழியாத கறையின் மதிப்பை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1937இல் நால்வடி உடையார் தொடங்கிய வண்ணத் தொழிற்சாலைதான் 1962 பொதுத்தேர்தலிலிருந்து நாட்டு வாக்காளர்களின் விரலுக்கு மை அனுப்பிவருகிறது. அந்த மையிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலைப் பற்றிக்கொண்டால் சோப்பு போட்டாலும் போகாது. ஆனால் அந்தக் கறை நம்பகமானதாக இருப்பதற்கு வேதியியல் மட்டும் காரணமன்று. விரலை உற்றுப் பார்க்க ஓர் அலுவலர் இருக்கிறார். அவர் சரியாகப் பார்க்கிறாரா என்று கவனிக்கக் கட்சி முகவர்கள் இருக்கிறார்கள். தவறு நடந்தால் கேட்க ஒரு நடைமுறை இருக்கிறது. இத்தனையையும் அகற்றிவிட்டு, கள்ள ஓட்டு விழுந்தபின் மையைக் குறைசொன்னால் ஊர் சிரிக்கும். சளிச் சோதனையின் விஷயத்தில் நடப்பது இதுவேதான். சிரிக்கத்தான் ஆள் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தைச் சுருக்கிக் கூறி எளிதில் வெல்வது நேர்மையாகாது. அவர்களுடைய வாதம் வலுவானது. நுண்ணோக்கியின் கீழ் ஒரு கிருமி தென்படுவதற்கு, ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தாக வேண்டும். எக்ஸ்பெர்ட் வகைக் கருவிக்கு, அதாவது இந்தியாவில் சிபிநாட் என வழங்கும் சோதனைக்கு, 130 அளவில் இருந்தாலே போதும். அதன் பிந்தைய வடிவமான அல்ட்ராவுக்கு அதனினும் குறைவு. குழந்தைகளிடமும் எச்.ஐ.வி. தொற்றுடையவர்களிடமும் சளியில் கிருமிகள் சொற்பமாகவே இருப்பதால் சாயச் சோதனை அவர்களை அடிக்கடி கைவிடுகிறது. கண்ணில் பட்ட சிவப்புத் துணுக்கு காசநோய்க் கிருமியா, அதன் உறவுக்காரக் கிருமி ஒன்றா என்பதைச் சாயம் சொல்லாது. ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது பணியுமா பணியாதா என்பதையும் சொல்லாது. கருவி இவ்விரண்டையும் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். ஆகவே, முதல் நோயறிதலுக்கு மூலக்கூறுச் சோதனையே முந்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது சரி. கோவாவில் உருவாக்கப்பட்டு மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் கருவி கிராமப்புற நிலையங்களை எட்டுவது வரவேற்கத்தக்கது. இதில் சண்டைக்கு இடமில்லை.

சண்டை அடுத்த அடியில் தொடங்குகிறது. 'கருவி மேலானது' என்ற சரியான வாக்கியத்திலிருந்து 'சாயச் சோதனை இயல்பிலேயே உதவாதது; அதைக் கற்பிக்கவும் காக்கவும் தேவையில்லை' என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள், நடுவிலுள்ள அறுபது ஆண்டு வரலாற்றைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி பழைய மைசூர் மாநிலத்திலேயே நடந்தது. 1960இல் ஜவாஹர்லால் நேரு பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனத்தைத் திறந்துவைத்தார். அதன் ஆய்வாளர்களான தேவபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வை 1963இல் வெளியிட்டனர். கிராமத்து நோயாளிகள் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அன்றைய படித்தவர்களின் நம்பிக்கை. ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களின் கதவைத் தட்டியிருந்தனர். இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். நோயாளி வந்தார், சளி வந்தது, பார்ப்பதற்குத்தான் யாரும் முன்வரவில்லை.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், இக்குறையைக் கண்டுகொண்டு, சாதாரண மருத்துவ நிலையங்களிலேயே சளியைச் சோதிக்கும் வழியை வகுத்தது. காகிதத்தில் வகுத்ததைக் களத்தில் எக்ஸ்ரே விழுங்கியது. எக்ஸ்ரே படம் நுரையீரலில் நிழலைக் காட்டும். அந்த நிழல் பழைய தழும்பா, வேறு நோயா, காசநோயா என்பதை உறுதியாகச் சொல்லாது. ஆனால் படம் எடுப்பது சுத்தமான வேலை. சளியைக் கையாள்வது அசுத்தமான வேலை. இந்தியச் சமூகத்தில் சுத்தமும் அசுத்தமும் அறிவியல் சொற்களாக மட்டும் என்றும் இருந்ததில்லை. பிறர் உமிழ்ந்ததைத் தொட்டுப் பரப்பி உலர்த்தும் வேலை யாருக்கு ஒதுக்கப்படும், அவ்வேலைக்கு என்ன மதிப்பு கிட்டும் என்பதை விளக்கத் தனி ஆய்வேடு தேவையில்லை. 1992இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தவர்கள் சுட்டிய குறைகளுள் எக்ஸ்ரேயை அளவுக்கு மீறி நம்பியதும் ஒன்று.

அடுத்து வந்தது ரத்தப் பரிசோதனை. காசநோய்க்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவதாகச் சொல்லித் தனியார் ஆய்வகங்கள் விற்ற இச்சோதனை, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் முறை செய்யப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. நோயுள்ளவரை இல்லையென்றும் இல்லாதவரை உண்டென்றும் அது சொல்லிக்கொண்டிருந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2012இல் இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை எத்தனை குடும்பங்கள், மிகக் குறைந்த செலவில் உண்மையைச் சொல்லக்கூடிய ஸ்லைடை விட்டுவிட்டு, பொய் சொன்ன ரத்தக் குழாய்க்குப் பணம் கட்டின என்பதற்குக் கணக்கு வழக்கு இல்லை. அச்சோதனையை எழுதிக்கொடுத்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர்.

எக்ஸ்ரே, ரத்தச் சோதனை, இப்போது மூலக்கூறுக் கருவி. மூன்றாவது மாற்று, முன்னிரண்டைப் போலன்றி, அறிவியல்படி உண்மையிலேயே மேலானது. அதனால்தான் அதை வரவேற்கும் மனப்பான்மையில் பழைய மனப்பான்மை ஒளிந்திருப்பது எளிதில் தெரிவதில்லை. சளியைத் தொடாமல், ஸ்லைடைப் பார்க்காமல், பார்ப்பவரைப் பயிற்றுவிக்காமல் தப்பிக்க வழி கிடைத்தால் போதும் என்பது அந்தப் பழைய மனப்பான்மை.

இம்மனப்பான்மைக்கு மாறாக, சாயச் சோதனையை மரியாதையோடு நடத்திய காலங்களும் உண்டு. அவற்றின் பலன் வெளிப்படையானது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டது. இரு பிரிவினரும் ஒரேவிதமாகக் குணமடைந்ததை 1959இல் அது உலகுக்கு அறிவித்தது. சானடோரியங்களின் யுகத்தை முடித்துவைத்த அந்த ஆய்வுக்குச் சாட்சி சொன்னவற்றுள் முதன்மையானது நோயாளிகளின் சளி: மாதந்தோறும் ஸ்லைடிலும் வளர்ப்பு ஊடகத்திலும் சளைக்காமல் சோதிக்கப்பட்ட சளி. பின்னர், 1997 முதல் விரிவடைந்து 2006இல் நாடு முழுவதையும் எட்டிய திருத்தப்பட்ட காசநோய்த் திட்டம், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு நுண்ணோக்கி மையம், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 50,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வலைப்பின்னலை அமைத்தது. படித்து முடித்த ஸ்லைடுகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, முதல் முடிவு இன்னதென்று தெரியாத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் செய்யும் ஏற்பாடும் அதில் இருந்தது. வாக்குச்சாவடி முகவரின் வேலையை ஆய்வகத்தில் செய்யும் ஏற்பாடு அது. அந்தக் கண்காணிப்பு உயிரோடு இருந்த இடங்களில் சாயம் தன் கடமையைச் செய்தது.

சாயச் சோதனையில் தவறு எங்கே நுழைகிறது என்பதை எளிய கணக்கு ஒன்றே காட்டிவிடும். 'கிருமி இல்லை' என்று எழுதுவதற்கு முன் எண்ணெய் லென்சின் கீழ் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் ஒரு நாளில் 20 முதல் 25 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். 25 ஸ்லைடுகள் என்றாலே 2,500 பார்வைப் புலங்கள். அந்த மேசையில் 60 ஸ்லைடுகளைக் கொண்டுபோய் வைத்தால் 6,000 புலங்கள் ஆகும். எந்த மனிதக் கண்ணாலும் அதை ஒரு வேலை நாளில் முடிக்க இயலாது. முடிந்ததாகப் பதிவேடு சொன்னால், பார்க்கப்படாத புலங்கள் 'இல்லை' என்ற சொல்லாக மாறியிருக்கின்றன என்று பொருள். அந்த 'இல்லை'யைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவர் தம் குழந்தையின் பக்கத்தில் படுத்து இருமுகிறார். பிறகு ஆய்வறிக்கைகள் இதைச் 'சாயச் சோதனையின் குறைபாடு' என்று பதிவுசெய்கின்றன. மேசையில் 60 ஸ்லைடுகளை வைத்தவரின் குறைபாடு எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

மாதிரியின் தரம் இன்னும் கசப்பான கதை. ஆழ்ந்து இருமி எடுத்த கெட்டியான சளியில் கிருமி இருக்கும். வாயில் ஊறிய எச்சிலில் இருக்காது. குப்பியை நீட்டி 'துப்பிக் கொண்டு வாருங்கள்' என்று மட்டும் சொன்னால் வெட்கப்படுகிறவர் எச்சிலைத்தான் கொண்டுவருவார், பெண்கள் குறிப்பாக. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்து 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. சளியை எப்படி இருமி எடுப்பது என்று சில நிமிடங்கள் பொறுமையாக விளக்கியதைத் தவிர அதில் வேறொன்றும் செய்யப்படவில்லை. விளக்கம் பெறாத பெண்களில் 100க்கு 8 பேரிடம் கிருமி தென்பட்டது. விளக்கம் பெற்ற பெண்களில் 100க்கு 13 பேரிடம். சாயமும் மாறவில்லை, நுண்ணோக்கியும் மாறவில்லை. ஒரு பெண்ணிடம் மரியாதையாகப் பேசியது மட்டுமே மாறியது. இதே எச்சிலைப் பல லட்ச ரூபாய்க் கருவிக்குள் ஊற்றினாலும் எச்சிலுக்குரிய விடையே வரும். கருவிக்கு ஞானதிருஷ்டி கிடையாது.

சாயம் விடைபெற்றுவிட்டது என்போர் இன்னொன்றையும் மறக்கிறார்கள். மூலக்கூறுக் கருவி கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிறது. சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் கழித்து, மருந்தால் செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ.வும் அதற்கு டி.என்.ஏ.தான். ஆகவே, நோயாளி தேறிவருகிறாரா என்பதைக் கண்காணிக்க அக்கருவி ஏற்றதன்று. சாயமும் செத்த கிருமியையும் உயிருள்ள கிருமியையும் பிரித்தறியாது என்பது மெய்யே. எனினும், ஒரு புலத்துக்குப் பத்துக்கு மேல் இருந்த கிருமிகள் படிப்படியாக அருகி, நூறு புலங்களிலும் ஒன்றில்லாமல் போவதை அது கண்முன் காட்டும். உறுதிப்படுத்தக் கிருமி வளர்ப்புச் சோதனை துணைநிற்கும். சிகிச்சையின் நடுவிலும் முடிவிலும் தேசியத் திட்டம் இன்றும் ஸ்லைடையே கேட்பதன் காரணம் இது. முதல் நாள் கருவியால் நோயாளி ஆனவர், பின்னர் ஸ்லைடை நம்பியே நலமானவராகப் பதிவாகிறார். அந்த ஸ்லைடைப் பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல் போனால் அந்தப் பதிவின் மதிப்பு என்ன? 2025க்குள் காசநோயை ஒழிப்பதாக இலக்கு வைத்த நாட்டில், உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்னும் வாழ்கிறார். குணமானவர்களின் எண்ணிக்கையைக் கொண்டாடும் நாடு, குணத்தைச் சான்றளிக்கும் மேசையைக் காலிசெய்யத் துணியக் கூடாது.

காசநோய்க்காவது ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. கிராம் சாயச் சோதனையின் நிலை இன்னும் பரிதாபம். 1884இல் பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தெளிவாகப் பார்க்க ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் தற்செயலாக வகுத்த முறை அது. தம் முறை குறையுடையது என்று அவரே அடக்கத்தோடு எழுதினார். கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின்: நான்கு புட்டிகள். கெட்டியான சுவருள்ள கிருமிகள் ஊதாவாக நிற்கும். மெல்லிய சுவருள்ளவை நிறமிழந்து பின்னர் சிவக்கும். மாதிரி வந்த அரை மணி நேரத்துக்குள் விடை. மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் எடுத்த தண்டுவட நீரில் ஊதா நிற இரட்டைக் கோளங்கள் தெரிந்தால் நியூமோகாக்கஸ் என்றும், சிவந்த காப்பிக்கொட்டை வடிவ இரட்டைகள் தெரிந்தால் மெனிங்கோகாக்கஸ் என்றும் மருத்துவர் உடனே ஊகிக்கலாம். கிருமி வளர்ப்புச் சோதனை இரண்டு நாள் கழித்துச் சொல்வதன் முதல் வரியைச் சாயம் அன்றைக்கே சொல்லிவிடுகிறது.

இந்த நான்கு புட்டிகளைத் திறக்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதுவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. எந்தக் கிருமி என்று தெரியாதபோது எல்லாக் கிருமிகளையும் தாக்கும் மருந்தை எழுதுவது பாதுகாப்பாகத் தோன்றும். அந்தப் பாதுகாப்பு எழுதியவருக்கே உரியது. விலையைக் கொடுப்பவர் அடுத்த நோயாளி. மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகுவதைக் கண்டு மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2017இல் மத்திய அரசு தேசியச் செயல்திட்டத்தை அறிவித்தது. அவற்றைப் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளும் கருத்தரங்குகளும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. கருத்தரங்கு நடக்கும் அரங்கத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மருத்துவமனையில், இரவு பத்து மணிக்கு வரும் தண்டுவட நீரைச் சாயமிட்டுப் பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வி மட்டும் அந்த அரங்கில் எழுவதில்லை.

கிராம் சாயத்துக்கும் எல்லைகள் உண்டு. ஆல்கஹாலை ஒரு கணம் கூடுதலாக ஊற்றினால் ஊதா சிவப்பாகிவிடும். முதிர்ந்துபோன கிருமிகள் நிறத்தைப் பிடித்துவைக்க முடியாமல் ஏமாற்றும். நோயாளி ஏற்கெனவே மருந்து உட்கொண்டிருந்தால் கிருமி தென்படாமலே போகும். சளியில் வாயின் உட்புறச் செதில் செல்கள் நிறைந்திருந்தால், அது நுரையீரலின் சாட்சியன்று, வாயின் சாட்சி என்று நிராகரிக்கும் தெளிவு பார்ப்பவருக்கு வேண்டும். இவை அனைத்தும் கைப்பழக்கத்தால் வெல்லக்கூடியவை. கைப்பழக்கம் என்பது பயிற்சிக்கும் நேரத்துக்கும் ஊதியத்துக்கும் இன்னொரு பெயர்.

இங்கேதான் பல்கலைக்கழகங்களின் பொறுப்பு வருகிறது. மைசூரை எடுத்துக்கொண்டால், 1916இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், 1924இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி, நூற்றாண்டைத் தொட்ட காசநோய் மருத்துவமனை ஆகியவை ஒரே நகருக்குள் இருக்கின்றன. இத்தகைய வாய்ப்பு வாய்த்த ஊர்கள் இந்தியாவில் குறைவு. ஆனால் நாடெங்கும் நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கிராம் சாயம் என்பது முதல் பருவத்துச் செய்முறை ஏட்டில் ஒரு பக்கம். வளர்ப்பு ஊடகத்தில் கொழுத்து வளர்ந்த தூய கிருமியை, பெயர் முன்பே தெரிந்த கிருமியை, ஒருமுறை சாயமிட்டுப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. சீழும் செல்களும் கலந்த உண்மையான மாதிரியில், விடை தெரியாத நிலையில், கிருமியைத் தேடித் தவிக்கும் அனுபவம் பட்டத்துக்குத் தேவையென்று யாரும் கருதுவதில்லை. அதே மாணவர் ஆய்வுக்கு வந்ததும் மரபணு வரிசைகளைக் கணினியில் ஒப்பிடுகிறார். அதில் பிழையில்லை. தாம் ஒருபோதும் சரியாகக் கற்காத முறையைக் 'காலாவதியானது' என்று ஆய்வேட்டின் முன்னுரையில் ஒற்றை வரியில் அடக்கம் செய்கிறாரே, அங்குதான் பிழை.

அந்த ஆய்வேட்டுக்கான மாதிரிகளைச் சேகரித்து, சாயமிட்டு, பார்த்து, பதிவேட்டில் எழுதியவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தில் வாழும் ஆய்வக நுட்பநர். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் அபூர்வமாகவே தென்படும். நன்றியுரையில்கூடத் 'தொழில்நுட்ப உதவி' என்ற இரு சொற்களுக்குள் அவர் கரைந்துவிடுவார். கோக்கும் எர்லிக்கும் கிராமும் செய்த வேலை அதுதான். அவர்கள் செய்தபோது அறிவியல். இவர் செய்யும்போது உதவி.

ஆகவே, சாயச் சோதனையைக் காப்பது பழமைப் பற்று என்று சொல்லி நகர முடியாது. வேண்டுபவை தெளிவானவை. முதுகலைச் செய்முறைத் தேர்வில், பெயர் மறைத்த மருத்துவ மாதிரி ஸ்லைடுகளைப் பார்த்து முடிவெழுதும் பகுதி கட்டாயமாக வேண்டும். மாதிரியின் தரத்தை மதிப்பிடவும் தரமற்றதைத் திருப்பியனுப்பவும் நுட்பநருக்கு அதிகாரம் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குப் பார்க்கும் ஸ்லைடுகளின் உச்சவரம்பு மீறப்பட்டால் அது அவருடைய திறமையாகப் பாராட்டப்படாமல் நிர்வாகத்தின் தவறாகப் பதிவாக வேண்டும். மறுபார்வை முடிவுகளை மையவாரியாக வெளியிட வேண்டும். சாயச் சோதனையைக் கருவியோடு ஒப்பிடும் ஒவ்வோர் ஆய்வும், ஸ்லைடுகளை யார் பார்த்தார், நாளுக்கு எத்தனை பார்த்தார், மாதிரி எப்படி வாங்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாத ஒப்பீடு, ஒருவரின் கால்களைக் கட்டிவிட்டு நடத்திய ஓட்டப்பந்தயம். அந்த ஸ்லைடுகளைப் பார்த்தவரின் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் பெரும் செலவு இல்லை. இவற்றைத் தள்ளிப்போடுவதற்குப் பணமின்மையைக் காரணம் காட்ட முடியாததும் அதனால்தான். கருவி வாங்குவதற்குக் கோப்பு நகரும், திறப்பு விழா நடக்கும், படம் எடுக்கப்படும். ஒரு நுட்பநரின் மேசையிலிருந்து 35 ஸ்லைடுகளைக் குறைத்து இன்னொருவரை நியமிப்பதற்கு விழா எடுப்பாரில்லை. ஆனால் அந்த 35 ஸ்லைடுகளில் ஏதோ ஒன்றில்தான், நூறாவது புலம்வரை பொறுமையாகப் பார்க்கப்பட்டிருந்தால் தென்பட்டிருக்கக்கூடிய அந்தச் சிவப்புத் துணுக்கு கிடக்கிறது.

நூற்று நாற்பது ஆண்டுகளாக, அமிலத்தில் கழுவியும் அந்தக் கிருமியின் சாயம் வெளுக்கவில்லை. வெளுத்திருப்பது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இருப்பதற்குப் படித்தவர்கள் காலந்தோறும் பூசிக்கொண்ட சாயம்.